வீரம்மாவின் ஃபோர்ட்டி ஃபைவ்

மஸ்கெலியா டவுனில் பைஸரின் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஒரு பக்கம் பெயின்ட் வாளிகளும் குழாய்களும் அடுக்கியிருக்கும்; மறுபக்கம் பத்துப் பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு வெள்ளைப் பலகையும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு அங்கே பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு நடக்கும். நடத்துகிறவள் பைஸரின் மூத்த மகள் ஜிப்ரியா. வயது இருபத்தேழு. கம்பஸில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருந்து உம்மாவிடம் பேச்சு வாங்குவதைவிட இது மேல் என்றுதான் வகுப்பைத் தொடங்கினாள். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். போன் கடையில் வேலை செய்கிற அம்ஹர், சிவனொளிபாத மலைக்குப் பயணிகளை ஏற்றிப்போகிற வேன் சாரதி சோலைமலை, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருந்த இரண்டு மூன்று பெண்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு தொடங்கி அரைமணி கழித்து, வீரம்மா படியேறி வந்தார். கல்லருவித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நாற்பத்தெட்டு வயது. நல்ல சேலை உடுத்தி, தலையைப் படிய வாரி, கையில் ஒரு புதுக் கொப்பியோடு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இங்க என்னைய மாதிரி ஆளுங்களும் படிக்கலாமுங்களா?"

"படிக்கலாம் அக்கா. உள்ள வாங்க. இங்கிலீஷ் கொஞ்சமாவது தெரியுமா?"

"ஒரு சொல்லு தெரியாதுங்க. தமிழ் வாசிப்பேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனேன்."

ஜிப்ரியா சிரித்தாள். புதிதாக வருகிறவர்களிடம் அவள் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலை இருந்தது. "நீங்க வேலை செய்யிற எடத்துல தினமும் சொல்ற அஞ்சாறு சொல்லு சொல்லுங்க," என்றாள்.

வீரம்மா யோசித்தார். "காலையில லயத்துல இருந்து கெளம்புவோம். பெரட்டுக்குப் போவோம். அங்க கண்டாக்கு ஐயா பேரு பதிவாரு. எந்த மலைன்னு சொல்லுவாரு. அப்புறம் கொழுந்து ஸ்டோருக்குப் போகும்."

ஜிப்ரியா பலகையில் நான்கு சொற்களை எழுதி, ஒவ்வொன்றாக வாசித்தாள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயம், லைன். காலையில் கூடி நிற்கிற பெரட்டு, பெரேட். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, கன்டக்டர். தேயிலைத் தொழிற்சாலைக்கு இவர்கள் சொல்வது, ஸ்டோர். "இந்த நாலும் இங்கிலீஷ்தான் அக்கா. வெள்ளைக்காரன் சொன்னதை நம்ம ஆளுங்க நம்ம வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க."

வீரம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்க அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது. "அப்ப எங்க பாட்டனுக்குப் பாட்டன்லாம் இங்கிலீசு பேசிக்கிட்டே மலைக்குப் போயிருக்காங்க. யாரும் எங்கக்கிட்ட சொல்லல்லீங்களே," என்றார். சோலைமலை தொடையில் தட்டிச் சிரித்தார். வீரம்மாவும் சிரித்தார், ஆனால் உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். அது கூச்சம் என்று ஜிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு, ஜிப்ரியா வழக்கம்போலப் புத்தகத்திலிருந்து சொற்களைக் கொடுத்தாள். விமான நிலையம், கடவுச்சீட்டு, உணவகம், முன்பதிவு. வீரம்மா எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த பாஸ்போட்டு, ஏர்போட்டு எல்லாம் எனக்கு வேணாங்க. தூரம், ஏறுறது, எறங்குறது, வழுக்கும், பொம்பளைங்க, தண்ணி, கக்கூசு. இதுக்கெல்லாம் என்னான்னு சொல்லித் தாங்க."

"ஏன் அக்கா, இந்தச் சொல்லெல்லாம்?"

அப்போதுதான் விஷயம் வந்தது. கல்லருவித் தோட்டத்துத் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பும். வருகிறவர்கள் தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். போன வருடம் வீரம்மாவையும் கூப்பிட்டார்கள். வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் தோட்டத்து நலன்புரி அதிகாரி விஜிதரன்.

"ஆறாம் நம்பர் மலையில கக்கூசு இல்லீங்க. கீழ லயத்துக்கு எறங்கி வரணும்னா முக்காமணி நேரம். போயிட்டு வந்தா கொழுந்து கொறையும். அதுனால காலையில இருந்து நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல. எத்தன பொம்பளைக்கு அதுனால நோவு வந்திருக்கு. எல்லாத்தையும் சொன்னேன். அழாத கொறையா சொன்னேன். அந்த விஜிதரன் சேர் ரெண்டே ரெண்டு சொல்லு சொன்னாரு. அந்தம்மா என்னையப் பார்த்துச் சிரிச்சி, குட், குட்டுன்னு எழுதிக்கிட்டாங்க." வீரம்மா கொப்பியை மூடினார். "குட்டுன்னா நல்லதுன்னு எனக்குத் தெரியுங்க. இதுல என்னா நல்லது இருக்கு? இந்த வருசமும் வருவாங்க. நானே சொல்லிக்கிறேன்."

ஜிப்ரியா அடுத்த ஞாயிறு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வீரம்மாவுக்கென்று தனியாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பட்டியலில்தான் சிக்கல் இருந்தது. தூரம் என்றால் ஃபார். மலை என்று இவர்கள் சொல்கிற தேயிலைத் தோட்டத்துண்டு, ஃபீல்ட். விழுவது ஃபோல். பயம் ஃபியர். பாதுகாப்பு சேஃப். முக்கால்மணி நேரம் என்றால் ஃபோர்ட்டி ஃபைவ் மினிட்ஸ். எங்கே பார்த்தாலும் அந்த ஒரே சத்தம். அது மட்டும் ஐந்து வாரமாகியும் வீரம்மாவின் வாயில் வரவில்லை. எல்லாம் 'ப' ஆகிப்போனது.

"மேல் பல்லைக் கீழ் உதட்டுல லேசா வச்சு, காத்தை ஊதுங்க அக்கா. ஃபார்."

"பார்."

"இல்ல. பல்லு, உதடு, காத்து. ஃபார்."

"பார்."

சோலைமலை பின்வரிசையிலிருந்து, "பார் தூரத்துல இல்லக்கா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு," என்றார். வகுப்பு சிரித்தது. வீரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜிப்ரியா அன்று மட்டும் இருபது தடவையாவது அதையே சொல்லிக்கொடுத்திருப்பாள். கடைசியில் பொறுமை போய், "பரவாயில்ல அக்கா, 'ப'ன்னே சொல்லுங்க. அவங்களுக்கு விளங்கும்," என்றாள்.

"விளங்காதுங்க. சோலைமலை அண்ணனுக்கே சாராயக் கடைன்னுதானே விளங்குச்சி," என்றார் வீரம்மா.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஜிப்ரியா பக்கத்தில் வந்து, "வாயைத் தொறந்து காட்டுங்க அக்கா, எங்க பிழையாகுதுன்னு பார்ப்போம்," என்றாள். வீரம்மா தயங்கினார். பிறகு கையை எடுத்தார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை.

உதட்டில் வைக்கச்சொன்ன பல்லே அங்கே இல்லை. ஐந்து வாரமாக இல்லாத பல்லை வைக்கச்சொல்லி அந்த மனுசியைப் படுத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது ஜிப்ரியாவுக்கு முகம் சுட்டது. வீரம்மாதான் அவள் தோளைத் தட்டி, "நீங்க என்னா செய்வீங்க. நான்தானே மூடி மூடி வச்சிருந்தேன்," என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம் ஜிப்ரியாவின் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தது. காற்று இரைந்தது. தூரத்தில் பெண்கள் பேசுவது கேட்டது. பிறகு வீரம்மாவின் குரல்: "டீச்சர், கேளுங்க. ஃபார்." சின்ன இடைவெளி. "ஃபார். ஃபீல்ட். ஃபோல்."

சுத்தமான உச்சரிப்பு. ஜிப்ரியா கடைக்குள் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வீரம்மா செய்துகாட்டினார். கீழ் உதட்டை இடப்பக்கம் இழுத்து, அங்கே மிச்சமிருந்த கோரைப்பல்லில் வைத்து ஊதினார். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுக்காத வழி. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே மூன்று நாள் முயன்று பார்த்தாராம்.

"பக்கத்து நெறையில நிக்கிற புள்ளைங்க என்னைய தொரசாணின்னு கூப்புடுதுங்க. இப்ப அதுங்களும் ஊதிப் பாக்குதுங்க. மலை முழுக்க ஒரே ஊதல்தான் டீச்சர்."

அன்றிலிருந்து குரல் பதிவு தினமும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், பன்னிரண்டு மணிக்கு. முதலில் ஒற்றைச் சொல். பிறகு இரண்டு சொல். மழைநாளில் ரெயின்கோட்டில் மழை கொட்டும் சத்தத்துக்கு நடுவே, "ஸ்லிப்பரி" என்று ஒரு சொல் மட்டும். ஜிப்ரியா திருத்திப் பதில் அனுப்புவாள். மறுநாள் திருத்தப்பட்டு வரும். ஒரே பிழையை வீரம்மா மூன்றாம் தடவை செய்ததே இல்லை. கம்பஸில் தன்னோடு படித்தவர்களில் இப்படி ஒருவரும் இருந்ததில்லை என்று ஜிப்ரியா உம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போது அந்தக் கணக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

சொல் தெரிந்துகொள்வதைவிடக் கடினமானது, எதிராளி பேசுவதை விளங்கிக்கொள்வது. அதற்காக வகுப்பில் ஜிப்ரியா வெள்ளைக்கார அம்மாவாக உட்காருவாள். கேள்விகளை வேகமாக அள்ளிவிடுவாள். வீரம்மாவுக்கு முதலில் தலைசுற்றியது. "அவங்க பேசுறது ஓடுற பஸ்ஸுல போர்டு வாசிக்கிற மாதிரி இருக்குங்க," என்றார். அப்போது ஜிப்ரியா ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். ப்ளீஸ் சே இட் ஸ்லோலி. தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்.

"அப்புடிக் கேக்கலாமுங்களா? அவங்ககிட்ட?"

"கேக்கலாம் அக்கா. கேக்குறது பிழை இல்ல."

அந்த வாக்கியத்தை வீரம்மா கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டார்.

ஐப்பசி தொடக்கத்தில் ஹட்டனிலிருந்து ஜிப்ரியாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தோட்டங்களைப் பார்வையிடும் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நாளுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண் வேண்டுமாம். இந்த வருடத்திலிருந்து தோட்டத்து உத்தியோகத்தர்களை வைத்து மொழிபெயர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்களாம். எந்தத் தோட்டம் என்று ஜிப்ரியா கேட்டாள். கல்லருவி என்றார்கள்.

தன் மாணவி ஒருவர் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்பதை அவள் மறைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தால் போதும் என்றார்கள். ஜிப்ரியாவுக்கு நெஞ்சு லேசானது. இனி வீரம்மா கஷ்டப்படத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக விஷயத்தைச் சொன்னாள். "நீங்க தமிழ்லயே சொல்லுங்க அக்கா. ஒரு சொல்லு விடாம நான் சொல்லிர்றேன்."

வீரம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "சந்தோசமுங்க டீச்சர். மத்தவங்களுக்கு நீங்க சொல்லுங்க. எனக்கு நானே சொல்லிக்கிறேன். இந்த வருசம் நீங்க வாறீங்க. அடுத்த வருசம் யாரு வருவாங்களோ."

இந்த வருடம் பார்வையிட வந்தவர் வேறொருவர்; பெயர் இன்கிரிட். ஐம்பது வயதிருக்கும்; உயரமான, அமைதியான பெண். தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் போட்டிருந்தார்கள். உத்தியோகத்தர் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. விஜிதரன் வெளியே படிக்கட்டில் ஒரு கோப்போடு நின்றார். முப்பது வயது இளைஞர், நெற்றியில் விபூதி, நன்றாக மடித்த சட்டை. ஜன்னல் வழியாக அவருடைய தோள் தெரிந்தது.

பெயர்ப் பதிவிலிருந்து இன்கிரிட் தானே ஒன்பது பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். வீரம்மாவின் பெயர் அதில் இல்லை.

ஒன்பது பேரும் வந்தார்கள். ஒன்பது பேரும் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார்கள். "ஒரு கொறையும் இல்லங்க. எல்லாம் நல்லா இருக்குங்க," என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆறாம் நம்பர் மலையில் வீரம்மாவோடு நிற்கிறவர்கள் என்பது ஜிப்ரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது. சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்பது தடவை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்பதாவது தடவை அவளுடைய குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்கிரிட் தாள்களை அடுக்கத் தொடங்கியபோது வெளியே பேச்சுக் கேட்டது.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்ல அக்கா," என்று விஜிதரன் சொன்னார்.

"தெரியுங்க சேர். நான் கேட்டுப் பாக்குறேன்."

வீரம்மா வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலை நனையாமலிருக்கக் கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் அப்படியே இருந்தது, கால் நனைந்திருந்தது. ஜிப்ரியாவை அவர் பார்க்கவில்லை. இன்கிரிட்டைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"குட் மோனிங் மெடம். மை நேம் இஸ் வீரம்மா. ஐ வோன்ட் டு ஸ்பீக்."

இன்கிரிட் பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்று, உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். இவர் தன்னுடைய மாணவி என்று ஜிப்ரியா சொன்னாள். இன்கிரிட் புன்னகைத்து, வேண்டுமானால் தமிழிலேயே பேசலாம், இவர் மொழிபெயர்ப்பார் என்று கைகாட்டினார். வீரம்மா அதை விளங்கிக்கொண்டார். ஜிப்ரியாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்க சும்மா இருங்க டீச்சர்," என்றார்.

ஜிப்ரியா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"ஐ வேர்க் ஃபீல்ட் நம்பர் சிக்ஸ்," என்று தொடங்கினார் வீரம்மா. வாய் இடப்பக்கம் கோணியது. சத்தம் தெளிவாக வந்தது. "நோ டொய்லட். டொய்லட் ஃபார். ஃபோர்ட்டி ஃபைவ் மினிட்ஸ்." கையை மேலிருந்து கீழே சரித்துக் காட்டினார். "கோ டவுன், ஃபோர்ட்டி ஃபைவ். கம் அப், மோர். சோ வீ டு நொட் டிரிங்க் வோட்டர்."

இன்கிரிட் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். தோட்டத்தில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில்லையா, எத்தனை நாளாக, தண்ணீர்த் தாங்கி இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டு போனார். அவருக்குத் தப்பாக விளங்கிவிட்டது. தண்ணீர் இருக்கிறது, இவர்கள்தான் குடிப்பதில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சரியாகிவிடும். அந்த வாக்கியம் ஜிப்ரியாவின் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தும்விட்டாள்.

வீரம்மா கையைத் தூக்கினார். யாரைத் தடுத்தார் என்று சொல்ல முடியாது, இரண்டு பேருமே பேச்சை நிறுத்தினார்கள்.

"மெடம். ப்ளீஸ் சே இட் ஸ்லோலி."

இன்கிரிட் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

"வோட்டர் ஹேவ்," என்றார் வீரம்மா. "குட் வோட்டர். வீ நொட் டிரிங்க்." கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். "டிரிங்க், தென் டொய்லட் கோ. டொய்லட், வெயார்?" மேசைமேல் கையை விரித்து, புதர், அட்டை, பாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "புஷ். லீச். ஸ்னேக். மென் வோக்கிங். வீ ஃபியர். சோ மோனிங் டு ஈவினிங், நோ டிரிங்க். மெனி வுமன், ஸிக்."

இன்கிரிட்டின் பேனை நின்றுவிட்டது. அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

வீரம்மா இன்னும் முடிக்கவில்லை. "லாஸ்ட் இயர், ரெய்ன். ஐ ஹரி. ஐ கோ டவுன், டொய்லட். பாத் ஸ்லிப்பரி. ஐ ஃபோல்." கையை எடுத்து உதட்டைத் தூக்கிக் காட்டினார். "டூ டீத்."

ஒன்பது மாதமாக அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஜிப்ரியா. அந்தப் பற்கள் எப்படிப் போயின என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வெற்றிலை, வயது, கவனிப்பில்லாமை என்று ஏதோ ஒன்றைத் தானாகவே நினைத்துவைத்திருந்தாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விஜிதரனின் தோள் அசையாமல் அப்படியே இருந்தது. அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.

இன்கிரிட் நிறையக் கேட்டார். இப்போது மெதுவாகக் கேட்டார். எத்தனை பெண்கள், வாரத்துக்கு எத்தனை நாள், பாதையில் படி இருக்கிறதா. வீரம்மாவுக்குச் சில கேள்விகள் விளங்கவில்லை. நேராகவே, "நொட் அண்டஸ்டேண்ட்," என்றார். சொல் கிடைக்காத இரண்டு இடத்தில் பேனையை வாங்கிப் படம் வரைந்தார். கடைசியில் இன்கிரிட், பேட்டி கொடுத்தவர்களின் பெயரைத் தாங்கள் எழுதுவதில்லை, பயப்பட வேண்டாம் என்றார்.

"ரைட் மை நேம்," என்றார் வீரம்மா. "வீ. டபுள் ஈ. ஆர்." எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்து, எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

போய்ப் பத்து நிமிடம் இருக்காது. ஏற்கெனவே வந்துபோன ஒன்பது பேரில் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவள் சொன்னாள்: "டீச்சரம்மா, நாங்க வெளிய இருந்து கேட்டுக்கிட்டு இருந்தோம். காலையில நாங்க சரியா சொல்லல்லீங்க. இன்னொருக்கா சொல்லலாமுங்களா?" இம்முறை யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஜிப்ரியா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

வேலை முடிந்து அவள் பஸ்ஸுக்கு நடந்தபோது விஜிதரன் பின்னால் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்து அவள் தயாராக நின்றாள்.

"மிஸ், போன வருசம் மொழிபெயர்த்தது நான்தான்," என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "எல்லாரும் நான் வேணும்னே மறைச்சேன்னு நெனைக்கிறாங்க. அந்த அக்கா சொன்னதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரல்ல மிஸ். வராதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. தெரிஞ்ச ரெண்டு சொல்லைச் சொன்னேன். நானும் டயகம பக்கம் லயத்துல பொறந்தவன்தான். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்."

ஜிப்ரியாவால் அவருக்காக இரக்கப்படவும் முடிந்தது, கோபப்படவும் முடிந்தது. "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அறிக்கை போய், கடிதங்கள் வந்து, மாசி மாதம் ஆறாம் நம்பர் மலையில் வேலை தொடங்கியது. சித்திரைக்குள் தகரக் கூரை போட்ட இரண்டு கழிப்பறைகளும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வந்துவிட்டன. பாதைக்குப் படி வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். பாதிவரை வெட்டினார்கள், அதோடு நின்றுவிட்டது. திறப்பு விழா என்று எதுவும் இல்லை. ஒருநாள் மத்தியானம் வந்த குரல் பதிவில் வீரம்மா, "டீச்சர், இன்னைக்கி மலையில ரெண்டு போத்தல் தண்ணி குடிச்சேன்," என்றார். பிறகு நினைத்துக்கொண்டதுபோல, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். இறந்தகாலம் சரியாக இருந்தது.

விஜிதரனோ, ஐப்பசியில் ஜிப்ரியா வகுப்பு நேரத்தைச் சொன்ன பிறகு வந்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து, பெயின்ட் வாளிகளுக்குப் பக்கத்திலிருந்த கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். வீரம்மா அவரைப் பார்த்தார், பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜிப்ரியாவும் இடையில் புகவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உள்ள விஷயம்.

பிறகு ஒரு ஞாயிறு சோடி சோடியாகப் பேசிப் பழகவேண்டியிருந்தது. அம்ஹர் வரவில்லை. விஜிதரன் மட்டும் தனியாக மிஞ்சினார். ஜிப்ரியா தானே போய் உட்காரலாம் என்று நினைப்பதற்குள் வீரம்மா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரே போட்டார்.

"உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்க சேர். இங்கிலீசுல," என்றார்.

விஜிதரன் தொண்டையைச் செருமினார். மை மதர், என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. காது சிவந்துவிட்டது. அறையின் மறுபக்கம் சோலைமலை எதையோ உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கடையில் வாப்பா இரும்புக் கம்பியை அறுக்கும் சத்தம் கேட்டது.

வீரம்மா அவசரப்படுத்தவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி, அடுத்த சொல் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.